6 வாரப் பேச்சுப் பயிற்சிக்குப் பிறகும் புதிய சொல் வரவில்லை: பெற்றோர் எதை எதிர்பார்க்கலாம்?

கேட்டவர்: மழலைமொழி

என் மகனுக்கு இப்போது 2 வயது 10 மாதம். "அம்மா", "தா", "போ", "பூ" உட்பட ஏறத்தாழ 12 சொற்களை மட்டுமே சொல்கிறான். இரண்டு சொற்களைச் சேர்த்து அவன் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. ஆனால் நாங்கள் சொல்வது அவனுக்கு நன்றாகவே புரிகிறது. "செருப்பை எடுத்து வா" என்றால் எடுத்து வருகிறான், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறான், பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கிறான். குழந்தைகள் நல மருத்துவரின் அறிவுரைப்படி வாரத்திற்கு ஒரு முறை, 40 நிமிடங்கள், பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறோம். 6 வாரங்கள் முடிந்துவிட்டன.

எங்கள் குழப்பம் இதுதான். பயிற்சியாளர் அவனோடு தரையில் அமர்ந்து பந்து உருட்டுகிறார், சோப்புக் குமிழி ஊதுகிறார், பிறகு குமிழிப் புட்டியின் மூடியை இறுக்கி அவன் கையிலேயே கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "சொல்லு" என்று அவர் ஒரு முறைகூட அவனிடம் கேட்டதில்லை. "இதை நாமே வீட்டில் விளையாடிக்கொள்ளலாமே" என்கிறார் என் கணவர். "இவன் அப்பனும் நான்கு வயதில்தான் வாய் திறந்தான், விட்டுப்பிடியுங்கள்" என்கிறார் என் மாமியார். நான் தமிழிலும் என் கணவர் அவருடைய தாய்மொழியிலும் பேசுவதால்தான் குழந்தை குழம்பிப்போயிருக்கிறான் என்று சொல்லும் உறவினர்களும் இருக்கிறார்கள்.

எத்தனை மாதங்களில் மாற்றம் தெரியும்? பயிற்சி சரியான திசையில் போகிறதா என்பதை எதைக் கொண்டு அறிவது? நாக்குக்கும் உதட்டுக்கும் தனியாகப் பயிற்சி தரச் சொல்லிக் கேட்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஒலிப்படி (குழந்தைகளுக்கான பேச்சு மொழிப் பயிற்சியாளர்)

அம்மா, உங்கள் கேள்விக்குள் போகும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். குழந்தைக்கு முறையான செவித்திறன் சோதனை நடந்திருக்கிறதா? பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பதையோ, பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பதையோ நான் சொல்லவில்லை. "பெரும்பாலும் திரும்பிப் பார்க்கிறான்" என்று நீங்கள் எழுதியிருப்பதில் உள்ள "பெரும்பாலும்" என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. சளி பிடித்த பின் நடுக்காதில் நீர் தேங்கி நின்றுவிட்டால் வலியோ காய்ச்சலோ இல்லாமலேயே குழந்தைக்குக் கேட்பது மங்கிவிடும். காதில் விரலை வைத்துக்கொண்டு கேட்பதைப் போலத்தான் அந்தக் குழந்தைக்குப் பேச்சு கேட்கும். உரத்த ஓசைக்குத் திரும்பும், "ச", "த" போன்ற மெல்லிய ஒலிகளைத் தவறவிடும். சில வாரங்கள் கேட்டும் சில வாரங்கள் கேட்காமலும் இருப்பதால் "கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும் அது இன்றைக்கு உறுதியாகாது. இந்த வயதில் ஒலி கேட்டவுடன் ஒரு கட்டையைப் பெட்டியில் போடும் விளையாட்டாகவே ஆடியாலஜிஸ்ட் சோதிப்பார். நடுக்காதின் நிலையை அறியும் டிம்பனோமெட்ரி ஒரு காதுக்குச் சில நொடிகளே பிடிக்கும். இதைச் செய்யாமல் எந்தப் பயிற்சியின் பலனையும் எடைபோட முடியாது.

இனி அந்தக் குமிழிப் புட்டிக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் பாதிக்கு விடை அதில்தான் இருக்கிறது. மூடியை இறுக்கிக் கொடுப்பது மறதியால் அல்ல. குழந்தைக்குக் குமிழி வேண்டும், மூடி திறக்கவில்லை, திறக்கத் தெரிந்தவர் எதிரே இருக்கிறார். அவரிடம் ஏதாவது ஒரு வகையில் சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியை அவர் வேண்டுமென்றே உண்டாக்குகிறார். அப்போது குழந்தை என்ன செய்கிறான் என்பதை நீங்களும் பாருங்கள். புட்டியை வீசி எறிகிறானா, அழுகிறானா, அவர் கையில் திணிக்கிறானா, புட்டியையும் அவர் கண்ணையும் மாறி மாறிப் பார்க்கிறானா, ஏதேனும் குரல் கொடுக்கிறானா? இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு படி. கையில் திணித்தவன் அடுத்த மாதம் கண்ணைப் பார்த்துக் குரல் கொடுத்தால், சொல் ஒன்றுகூடக் கூடாவிட்டாலும் அது முன்னேற்றம்தான், பயிற்சியாளரின் குறிப்பேட்டில் அது ஏறியிருக்கும். "சொல்லு, சொல்லு" என்று கேட்காததும் திட்டமிட்டதுதான். கேட்கக் கேட்க வாயை இறுக மூடிக்கொள்ளும் குழந்தைகளையே நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

பொதுவாக முதல் ஒன்றிரண்டு சந்திப்புகள் மதிப்பீட்டுக்கே போய்விடும். கருவுற்ற காலம் தொடங்கி இன்றுவரையிலான வளர்ச்சி வரலாறு, வீட்டில் யார் எந்த மொழியில் பேசுகிறார்கள், குழந்தை எதைப் புரிந்துகொள்கிறான், எதைச் சொல்கிறான், எப்படி விளையாடுகிறான், உதடு, நாக்கு, அண்ணம் எப்படி இருக்கின்றன என்பதையெல்லாம் பார்த்த பின்னரே இலக்குகள் எழுதப்படும். அந்த இலக்குகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பேச்சை மேம்படுத்துதல்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது இலக்கு ஆகாது. "விளையாட்டின்போது 10 வாய்ப்புகளில் 6 முறையாவது சைகை, ஒலி, சொல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் தானாகக் கேட்பான்" என்பதுபோல் எண்ணிப் பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். 3 மாதத்திற்கு ஒரு முறை அதை எடுத்து வைத்துப் பேசுங்கள். எத்தனை மாதத்தில் பேசுவான் என்று தேதி குறித்துச் சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் 3 மாதமாக எந்த இலக்கும் அசையவில்லை என்றால் முறையையோ இலக்கையோ மாற்ற வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இரு மொழிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. தாமதம் உள்ள குழந்தையும் இரண்டையும் கற்க முடியும். சொற்களை எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். உங்களுக்குச் சரளமாக வரும் மொழியை நிறுத்திவிட்டு, தட்டுத் தடுமாறி வேறொன்றில் பேசினால் குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சின் அளவும் உயிரும்தான் குறையும்.

நாக்கை நீட்டுவது, ஊதல் ஊதுவது, கன்னத்தைத் தேய்ப்பது போன்ற பயிற்சிகளால் பேச்சொலிகள் சீராகும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. பேசுவதைப் பேசித்தான் பழக வேண்டும். உங்கள் பயிற்சியாளர் குமிழி ஊதுவது வாய்க்கு வலு சேர்க்க அல்ல, மேலே சொன்ன நெருக்கடிக்காக.

பதில் 2: நிழல்மரம்

என் மகளும் 3 வயது வரை ஒன்றும் பேசாமல் இருந்து, பிறகு ஒரே ஆண்டில் எல்லோரையும் வாயடைக்கும் அளவுக்குப் பேசத் தொடங்கினாள். நாங்கள் எந்தப் பயிற்சிக்கும் போகவில்லை. குழந்தைக்குப் புரிகிறது என்றால் பேச்சு தானாக வரும். உங்கள் மாமியார் சொல்வதில் தவறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இவ்வளவு சின்ன வயதில் அறை அறையாக அழைத்துக்கொண்டு அலைய வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

பதில் 3: ஒலிப்படி

நிழல்மரம் சொல்வது நடக்காத ஒன்றல்ல. 2 வயதில் தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதை அந்த வயதில் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். சொல்வது புரியாமல் இருப்பது, சைகைகள் குறைவாக இருப்பது, குடும்பத்தில் பேச்சு அல்லது வாசிப்புச் சிக்கல் இருந்திருப்பது ஆகியவை இருந்தால் காத்திருப்பதில் ஆபத்து கூடுகிறது. "இவன் அப்பனும் நான்கு வயதில்தான் பேசினான்" என்பதை மாமியார் ஆறுதலாகச் சொல்கிறார். மதிப்பீடு செய்யும் நான் அதைக் குடும்ப வரலாறு என்ற பகுதியில் எழுதிக்கொள்வேன்.

வேறு நோயோ குறைபாடோ இல்லாமலே மொழி மட்டும் கைகூடாமல் நீடிக்கும் நிலைக்கு வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று பெயர். அது ஏறத்தாழ 7 சதவீதக் குழந்தைகளிடம் காணப்படுகிறது, அதாவது 30 பேர் கொண்ட வகுப்பில் சராசரியாக 2 பேர். வெளியே தெரியாமல் "படிப்பில் மந்தம்" என்று முத்திரை குத்தப்பட்டுப் போகிறவர்கள் இவர்களில் பலர். முன்பு சொன்ன சொற்களைக் குழந்தை இழந்துவிட்டால் மட்டும், எந்த வயதானாலும், காத்திருக்கவே கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பதில் 4: கடைசிபெஞ்சு அப்பா

சகோதரி, என் மகளின் சிக்கல் வேறு வகை என்றாலும் எதிர்பார்ப்பு என்ற விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். அவளுக்கு 4 வயதானபோது வாய் ஓயாமல் பேசுவாள், ஆனால் "க" என்ற ஒலியே கிடையாது. எல்லாம் "த" ஆகிவிடும். "கண்" என்பது "தண்", "அக்கா" என்பது "அத்தா". எங்களுக்குப் புரியும், வெளியார் விழிப்பார்கள். இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனேன். 14 மாதங்கள் ஆயின.

முதல் மூன்று வாரங்கள் அவளை அந்த ஒலியைச் சொல்லவே விடவில்லை. காய் ஒன்றின் படத்தையும் தாய் ஒருத்தியின் படத்தையும் மேசையில் வைத்து, பயிற்சியாளர் சொல்வதற்கேற்ப எடுக்கச் சொன்னார்கள். இரண்டும் வேறு வேறு என்று காதுக்குத் தெரிந்த பிறகு ஆட்டத்தைத் திருப்பினார்கள்: அவள் சொல்ல வேண்டும், பயிற்சியாளர் எடுப்பார். காய்ப் படம் வேண்டும் என்று "தாய்" என்றாள், அவர் சிரிக்காமல் தாய்ப் படத்தை எடுத்துக் கொடுத்தார். தான் சொன்னது வேறாகிப்போனதை அவள் முதன்முதலாக உணர்ந்தது அன்றுதான். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒலியை வரவழைக்க அவளை மல்லாந்து படுக்க வைத்தார்கள், அப்படிப் படுத்தால் நாக்கு தானாகவே பின்பக்கம் சரியும் என்றார்கள். தனி ஒலி வந்தது, பிறகு "கா", "கை", பிறகு சொல், பிறகு சொற்றொடர், பிறகு வாக்கியம். பயிற்சி அறையில் 10க்கு 9 சரியாகச் சொல்பவள் வாசலைத் தாண்டியதும் "அத்தா" என்று கத்துவாள். அறைக்குள் வந்த ஒலி அன்றாடப் பேச்சுக்குள் இறங்குவதற்கே அந்த 14 மாதங்களில் பாதி போயிற்று. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு சலித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒலி வரத் தொடங்கிய உற்சாகத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் அவளை நிறுத்தி "அக்கா சொல்லும்மா" என்று வேடிக்கை காட்டினேன். இரண்டு வாரம் அவள் வீட்டில் "க" உள்ள சொல் எதையும் சொல்லவில்லை; அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள். வீட்டுப் பயிற்சியை நாள்தோறும் 5 நிமிடமாக, தூங்கப் போகும் முன் படச் சீட்டு விளையாட்டாக மாற்றிய பிறகுதான் வண்டி மறுபடி நகர்ந்தது. விடுமுறை நாளில் சேர்த்து வைத்து ஒரு மணி நேரம் செய்ததில் அழுகைதான் மிஞ்சியது.

பதில் 5: வண்ணச்சீட்டு

கடைசிபெஞ்சு அப்பாவின் மகளுக்கு வந்ததுபோல் எல்லாக் குழந்தைக்கும் வாய்ப்பேச்சு வந்து முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்வதற்காகவே எழுதுகிறேன். உங்கள் மகன் சுட்டிக் காட்டுகிறான், சொன்னதைப் புரிந்துகொள்கிறான் என்பதால் அவனுடைய பாதை வேறாகவே இருக்கும். ஆனால் இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

என் மகனுக்கு ஆட்டிசம். 3 வயதில் பயிற்சி தொடங்கியபோது "அம்மா" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றையும் நான் வேண்டிக்கொள்ளவில்லை. நாங்கள் முதலில் போன மையத்தில் கதவைச் சாத்திவிட்டு எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். 8 மாதம் கழித்தும் உள்ளே என்ன நடந்தது என்று என்னால் இரண்டு வாக்கியம் சொல்ல முடியவில்லை. இரண்டாவதாகச் சென்ற இடத்தில் முதல் நாளே என்னை உள்ளே அழைத்து, குழந்தைக்குப் பக்கத்தில் அமர வைத்து, படச் சீட்டுகளைக் கையில் கொடுத்தார்கள். நான் அழுதுவிட்டேன். படத்தைக் கொடுத்தால் பேசவே மாட்டான், இவர்கள் கைகழுவிவிட்டார்கள் என்று நினைத்தேன். படச் சீட்டு, சைகை, பேசும் கருவி போன்ற மாற்று வழிகள் பேச்சு வருவதைத் தடுப்பதில்லை என்பதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன என்று பயிற்சியாளர் பொறுமையாகச் சொன்னார். நான் நம்பியது பிறகுதான். ஊஞ்சல் படத்தை எடுத்து வந்து அவன் என் உள்ளங்கையில் வைத்த நாளிலிருந்து, தலையைச் சுவரில் மோதிக்கொள்வது குறையத் தொடங்கியது. இப்போது அவனுக்கு 7 வயது. சுமார் 20 சொற்களை வாயால் சொல்கிறான், மற்றதையெல்லாம் டேப்லெட்டில் உள்ள படங்களைத் தொட்டுச் சொல்கிறான். போன வாரம் "சத்தம் வேண்டாம், வெளியே போ" என்று அதில் தொட்டு என்னை அறையை விட்டு அனுப்பினான். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

ஆகவே, என்னைக் கேட்டால், பயிற்சி அறைக்குள் உங்களை அனுமதிக்கிறார்களா என்பதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது. சில குழந்தைகள் தாய் இருந்தால் ஒத்துழைக்க மாட்டார்கள் என்பது உண்மையே. அப்படியானால் கண்ணாடி வழியாகவோ, காணொளியாகவோ காட்ட வேண்டும், கடைசி 10 நிமிடமாவது உங்களைச் செய்ய வைக்க வேண்டும்.

பதில் 6: ஒலிப்படி

வண்ணச்சீட்டு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வாரத்தில் 40 நிமிடம் எங்களிடம், மீதி நேரமெல்லாம் உங்களிடம் என்ற கணக்கைப் பார்த்தால், சின்னக் குழந்தைகளின் பயிற்சியில் உண்மையில் பயிற்சி பெறுவது பெற்றோர்தான் என்பது புரியும். திக்குவாய் உள்ள சிறு குழந்தைகளுக்காக ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1980களில் உருவாக்கப்பட்ட லிட்கோம்ப் முறையில் நாள்தோறும் பயிற்சி தருபவர் பெற்றோரே; பயிற்சியாளர் வாரம் ஒரு முறை அவர்களைப் பார்த்துத் திருத்துவார். ஆகவே உங்கள் கணவர் சொன்ன "இதை வீட்டிலேயே விளையாடலாமே" என்பது குறையே அல்ல. அவரை அடுத்த முறை அழைத்து வந்து, எப்படி விளையாடுவது என்று கேட்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பெரும்பாலோர் செய்வது கேள்வி கேட்பது: "இது என்ன? இது என்ன நிறம்?" தேர்வு எழுதுவதுபோல் குழந்தை தவிக்கும். அதற்குப் பதிலாக அவன் பார்ப்பதை நீங்கள் சொல்லுங்கள். பந்து உருண்டால் "பந்து... போச்சு" என்று சொல்லிவிட்டு, மனத்துக்குள் 10 வரை எண்ணிக் காத்திருங்கள். அந்தப் பத்து எண்ணிக்கைதான் எல்லோருக்கும் கடினம். மூன்றுக்குள் நாமே பேசிவிடுவோம்.

கேட்டவர்: மழலைமொழி

எல்லோருக்கும் நன்றி. முறையான செவித்திறன் சோதனை நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கை தட்டிப் பார்த்ததோடு நாங்கள் நிறைவடைந்துவிட்டோம். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பயிற்சியாளரிடம் இலக்குகளைக் கேட்டேன், அவர் மூன்று இலக்குகளை எழுதியே வைத்திருந்தார், நாங்கள்தாம் கேட்டதில்லை. முதல் வாரத்தில் மூடி திறக்காதபோது அவன் அழுதான் என்றும், 6ஆம் வாரத்தில் புட்டியை நீட்டி அவர் முகத்தைப் பார்த்தான் என்றும் அதில் குறித்திருந்தார்.

நேற்று என் கணவர் அதே போன்ற குமிழிப் புட்டி ஒன்றை வாங்கி வந்து, மூடியை இறுக்கிக் கொடுத்துவிட்டு எண்ணத் தொடங்கினார். எட்டு வரை போனார். மகன் புட்டியை அவர் முழங்காலில் வைத்துத் தட்டி, "தி" என்றான். நான் தினமும் சொல்லும் "திற" என்பதைத்தான் சொல்கிறான் என்று நினைக்கிறேன். உடனே என் கணவர் "திற என்று முழுதாகச் சொல்லு" என்றார், அவன் புட்டியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். இதுபோன்ற நேரத்தில் திருத்தலாமா, அப்படியே விடலாமா?

பதில் 7: ஒலிப்படி

திருத்தவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். "தி" என்றதும் "திற! மூடி திற!" என்று முகம் மலர்ந்து சொல்லிக்கொண்டே உடனே திறந்துவிடுங்கள். அவன் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டது கிடைத்தது, முழுச் சொல்லும் காதில் விழுந்தது, அது போதும். இரண்டு குமிழி ஊதியதும் மறுபடி மூடியை இறுக்கி அவன் கையில் கொடுங்கள். "தி" என்பதை இன்றைய தேதியோடு 13ஆம் சொல்லாக எழுதி வையுங்கள், செவ்வாய்க்கிழமைச் சோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.